ஐநூறு சுத்து

வாங்க தம்பி, உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாமுங்க, அதுக்கு ஒரு காலு ஆடும். இந்தச் செத்த பேட்டரி மேல அட்டை போட்டிருக்கேன் பாருங்க, அதுல உக்காருங்க, ஒண்ணும் பண்ணாது. உங்க டப்பா தயாருங்க. தயாருன்னா, தயாருதான். குடுக்கறதுக்கு முன்னால ஒரு சின்ன சோலி பாக்கி. அதுக்குத்தான் ஆளை அனுப்பாதீங்க, நீங்களே நேர்ல வாங்கன்னு போன்ல சொன்னது.

அவசரமா? ரேசு ஞாயித்துக்கெழமைதான? இன்னிக்கு வியாழன். அப்பறம் என்ன, சித்த நேரம் உக்காந்தா குடி முழுகிப் போயிராது. நான் சத்தமாப் பேசறேன்னு ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. காது கொஞ்சம் மந்தம். முப்பது வருசமா சைலன்சர் இல்லாத வண்டிக்குப் பக்கத்துல நின்னா யாருக்கும் அப்பிடித்தான் ஆகும்.

இதாங்க டப்பா. சோப்பு டப்பாவேதான், சிரிக்காதீங்க. தண்ணி போகாது, ஒடைஞ்சா பொட்டிக்கடையில இன்னொண்ணு வாங்கிக்கலாம். உள்ள ஒரு சிப்பு, சில்லறைச் சாமான் ரெண்டு மூணு, அவ்வளவுதான். இஞ்சினுக்குப் பொறி குடுக்கற காயில்ல இருந்து ஒரு ஒயரு இதுக்குள்ள வருது. இஞ்சின்ல எத்தனை தடவை பொறி அடிக்குதுன்னு இது எண்ணிட்டே இருக்கும். நாம சொன்ன கணக்கைத் தாண்டுச்சுன்னா பொறியை வெட்டிப்போடும். பொறி இல்லீன்னா இஞ்சினு திக்கும். பட் பட் பட்டுன்னு திக்கும். சுத்து எறங்குனதும் மறுபடி பொறியைக் குடுத்துரும்.

எதுக்கு இதெல்லாம்னு எங்கூட்டுல கூடக் கேப்பா. உங்களை மாதிரி ஆளுக உக்கடத்துப் பழைய இரும்புக்கடையில இருந்து எடுத்துட்டு வர்ற இஞ்சின்ல வால்வு ஸ்பிரிங்கு கெழடு தட்டிப் போயிருக்கும். ரேசு மப்புல எச்சா முறுக்கினா வால்வு மூடறதுக்குள்ள பிஸ்டன் மேல வந்து முட்டும். அத்தோட இஞ்சினு செத்துது. நான் இஞ்சினைக் காப்பாத்தற ஆளுங்க. ஆளைக் காப்பாத்தறது என்ர வேலையில்ல. இதை நான் எல்லாருகிட்டயும் மொதல்லயே சொல்லிப்போடுவேன்.

மூடியில ஒரு ஓட்டை இருக்குது பாருங்க. அதுக்குள்ள பொட்டாட்டம் ஒரு ஸ்குரூ தெரியுதுங்களா? வலப்பக்கம் திருகுனா எச்சு, எடப்பக்கம் திருகுனா கொறைச்சல். நூலளவு திருகுனா நூறு சுத்து மாறும். வண்டி குலுங்கறதுல அது தானா நகரக்கூடாதுன்னு மேல ஒரு சொட்டு நகப்பாலிசு வெச்சு மூடுவோம். ஆமாங்க, பொம்பளைக பூசற நகப்பாலிசேதான். ரேடியோ ரிப்பேருக்காரன்ல இருந்து எங்க ஆளுக எல்லாருமே அப்பிடித்தான். பாலிசு வெடிச்சிருந்தா எவனோ கை வெச்சிருக்கான்னு அர்த்தம். உங்களுதுல இன்னும் பூசலைங்க. அதான் பாக்கின்னு சொன்னது.

அந்தப் போட்டோவா? எம் மச்சினனுங்க. ஹெல்மெட்டைக் கக்கத்துல இடுக்கிட்டு நிக்கறான் பாருங்க, என்னமோ சந்திரனுக்குப் போற மாதிரி. பக்கத்துல பச்சை டப்பா இருக்குதே, அதுவும் நான் செஞ்சதுதான். தொடாதீங்க தம்பி. பாருங்க, தொடாதீங்க. எங்கூட்டுக்காரி வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை போட்டோவைத் தொடைக்கறப்ப அதையும் எடுத்துத் தொடைச்சு வெப்பா. வேற யாரு கை பட்டாலும் அவளுக்குத் தெரிஞ்சு போகும்.

லோகநாதன்னு பேரு. லோகுன்னு கூப்புடுவோம். எங்கூட்டுக்காரி தெய்வானைக்கு எட்டு வயசு எளையவன். அவனுக்கு மூணு வயசுலயே அவங்கம்மா போய்ச் சேந்துட்டாங்க. அப்பன்காரருக்கு மில்லுல சிப்டு வேலை. சோறு ஊட்டுனது, தலை சீவி உட்டது, பள்ளிக்கொடத்துல அடி வாங்கிட்டு வந்தா வாத்தியாரு கிட்டப் போயி சண்டை கட்டுனது, எல்லாம் அவதான். நான் கட்டிக்கூட்டிட்டு வர்றப்ப அவ ஒரு கையில பொட்டி, இன்னொரு கையில இவன். சீர்வரிசையில மச்சினனும் ஒண்ணான்னு என்ர சோட்டாளிக கேலி பண்ணுவானுக. எங்களுக்குப் புள்ளை இல்லீங்க. இருந்தது அவன் ஒருத்தன்தான்.

பீளமேட்டுல ஒரு லேத் பட்டறையில பம்பு சாப்டு கடையற வேலை. கையில நல்ல வேலைக்காரன். வாயி மட்டும் சும்மா இருக்காது. அவனும் கூட வேலை செய்யற ரெண்டு பேரும் சேந்து ஒரு செத்த காரை எடுத்துட்டு வந்தானுக. சீட்டைப் பிச்சு, கண்ணாடியைக் கழட்டி, குழாயை வளைச்சு உள்ளுக்குள்ள கூண்டு வெல்டு வெச்சு, ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை டிராக்குக்கு ஓட்டிட்டுப் போவானுக. ஆறு மாசத்துல ரெண்டு இஞ்சினைக் கொன்னுபோட்டான். மூணாவது இஞ்சினு வந்தப்பத்தான் இங்க வந்து நின்னான். 'மாமா, ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்கறீங்க, எனக்கு ஒரு டப்பா செஞ்சு குடுக்க மாட்டீங்களா'ன்னான். நிமிசத்துக்கு ஆறாயிரத்து எண்ணூறு சுத்துல வெச்சுக் குடுத்தேன். மேல ஒரு சொட்டு செவப்புப் பாலிசு. மோந்து பாத்துட்டு, 'மாமா, அக்கா குளிக்கற சோப்பு வாசம் அடிக்குதே, காலைல இருந்து தேடிட்டிருக்கா, இங்கதான் இருக்குதா'ன்னு கத்தி மானத்தை வாங்கிட்டான். கெரகம், அன்னிக்கு அந்த டப்பாவையும் நான் அவளைக் கேக்காமத்தான் எடுத்திருந்தேன்.

அவங்கிட்ட ஒரு குணமுங்க. நான் இஞ்சினைக் காப்பாத்தறதுக்குச் செஞ்சு குடுத்ததை அவன் வண்டி ஓட்டறதுக்கு வெச்சுக்கிட்டான். வண்டியில சுத்து காட்டற மீட்டரு இல்ல. டப்பா திக்கற சத்தம்தான் மீட்டரு. டிராக்குக்குப் பின்பக்கம் ஒரு சின்ன நேர்ரோடு, அது முடியற எடத்துல ஒரு வலக்கை வளைவு. உங்களுக்குத்தான் தெரியுமே. மத்தவங்க அந்த ரோட்டுல நாலாவது கியரு போட்டு, வளைவுல மறுபடி மூணுக்கு எறக்குவாங்க. இவன் மூணுலயே இழுப்பான். ஓரத்துல டயரு அடுக்கியிருப்பாங்க, அதுல ஒண்ணு வெள்ளை அடிச்ச டயரு. அந்த டயருக்கு நேரா வர்றப்ப டப்பா பட்டுன்னு ஒரு திக்கு திக்கும். திக்குனா பிரேக்கு. ரெண்டு தடவை கியரு மாத்தற நேரம் அவனுக்கு மிச்சம். அந்த எடத்துல யாரையும் தாண்டிருவான். மூணு மாசம் அப்பிடியே ஓட்டிப் பழகுனான். 'மாமா, உங்க டப்பா எனக்கு எடம் காட்டுது'ம்பான்.

தெய்வானைக்கு ரேசுன்னாவே ஆகாது. அந்த வருசம் கடைசி ரேசுக்கு மொத நாளு, சனிக்கெழமை மத்தியானம், டப்பா இங்க இருந்துது. ஒயரு ஒண்ணு லூசுன்னு கழட்டிக் குடுத்துட்டு லோகு டயரு பாக்கப் போயிட்டான். நான் ஈயம் உருக்கி அந்த ஒயரைப் பத்த வெச்சிட்டு இருந்தேன். சோத்துப் போசியைக் கொண்டாந்து வெச்சவ, போகாம இங்கயே நின்னா. 'ஏனுங்க, ஒண்ணு சொன்னா கேப்பீங்களா'ன்னா. சொல்லுன்னேன். 'அந்தத் திருகாணியைக் கொஞ்சம் கொறைச்சு வெச்சுருங்க. அவனுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா விட மாட்டான். மெதுவாப் போயிட்டு மெதுவா வரட்டும். எனக்கு மூணு நாளா சோறு எறங்கலீங்க'ன்னா. கண்ணுல தண்ணி.

நான் மாட்டேன்னுட்டேன். டப்பா இஞ்சினுக்குச் செஞ்சது தெய்வா, ஆளுக்குச் செஞ்சதில்லைன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன். சரிதானுங்களே? தொழில்னா தொழில்.

ஞாயித்துக்கெழமை காத்தால அவளும் வந்தா. அதுவரைக்கும் டிராக்குப் பக்கம் கால் வெக்காதவ, அன்னிக்கு எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வந்து நாலு டயருக்கும் வெச்சா. 'அக்கா, இதை நசுக்கிட்டுப் போறதுல பத்து செகண்டு போச்சுன்னா நீதான் வந்து தள்ளோணும்'னான் லோகு. அவ சிரிச்சாளுங்க. காத்தால இருந்து நல்ல சந்தோசமா இருந்தா. எனக்கு அது இப்பவும் கண்ணுலயே நிக்குது.

ஏழாவது ரவுண்டு. பின்பக்க நேர்ரோட்டுல லோகு பல்லடத்துக்காரன் ஒருத்தனைத் தாண்டுறான். எப்பவும் தாண்டற அதே எடம். பக்கவாட்டுல வந்து, அவனுக்கு முன்னால வண்டியை உள்ள போட்டுட்டான். வெள்ளை டயரு வரைக்கும் இழுக்கும்னு அவனுக்குத் தெரியுமில்லீங்களா, அந்த தைரியம். வெள்ளை டயருக்கு நாலு வண்டி தூரம் இருக்கறப்பவே வண்டி திக்குச்சு. பின்னால வந்தவன் முழுசா மிதிச்சுட்டு வர்றான். அவனுக்குக் கண்ணு எங்க இருந்துதோ. முன்னால ஒரு வண்டி நிக்குதுன்னா பிரேக்கைப் போட வேண்டாமுங்களா? குருட்டுப்பய, வந்து பின்னால ஏத்திட்டான். ரெண்டு பொரட்டு. கூண்டு தாங்குச்சு, கழுத்து தாங்கல. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சு போச்சு.

ஏன் முன்னாலயே திக்குச்சுன்னு கேக்கறீங்களா? பெட்ரோல்ல தூசி இருந்திருக்கும்னாங்க. பழைய டேங்கு, துரு வந்து அடைச்சிருக்கும்னாங்க. இருக்கலாம். விசாரிக்க வந்தவங்க டப்பாவையும் எடுத்துட்டுப் போயி வேற வண்டியில மாட்டிப் பாத்தாங்க. வெட்டுது, விடுது, கோளாறு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. எத்தனைல வெட்டுதுன்னு எழுதல. அவங்களுக்கு அது எதுக்கு? என்ர டப்பா மேல ஒரு குத்தமும் இல்லீங்க. அதை எழுத்துலயே வெச்சிருக்கேன்.

பதினாறாம் நாளு அந்தப் பல்லடத்துக்காரன் வந்தானுங்க. மொட்டை அடிச்சிருந்தான். லோகு வயசுதான் இருக்கும். உள்ள வந்தவன் நேரா தெய்வானை கால்ல விழுந்துட்டான். 'நான்தானுங்க்கா, நான்தானுங்க்கா'ன்னு ஒரே அழுகை. இவ குனிஞ்சு அவனைத் தூக்கி உட்டு, 'உன்ர மேல என்ன கண்ணு இருக்குது, நீ சாப்புடு'ன்னு எலை போட்டா. நான் பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன். அவனுக்குத் தண்ணி மொண்டு வெச்சது நான்தான். அப்பறம் அவன் வண்டியைத் தொடவே இல்லையாமா. இப்பவும் வருசா வருசம் திதிக்கு வந்து ஓரமா உக்காந்து சாப்புட்டுட்டுப் போறான். நான் அவங்கிட்ட அவ்வளவாப் பேசறதில்ல. என்னத்தைப் பேசறது.

சத்தம் கேக்குதுங்களா? உள்ள பாத்திரம் கழுவறா. செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் சமையக்கட்டு.

அதுல இருந்து எனக்கு ஒரு தொந்தரவு. மோட்டாரு தண்ணி இல்லாம ஓடுனா ஒரு மாதிரி திக்கும் பாருங்க, அதைக் கேட்டா போதும், இருக்கற வேலையைப் போட்டுட்டு ஓடிப்போயி சுவிட்சை அணைச்சுருவேன். மிக்சியை விட்டு விட்டு ஓட்டுனா ஆகாது. குக்கருல ஆவி முட்டறது, பக்கத்து வீட்டுப் பையன் பைக்கை ஸ்டார்ட் பண்ண முடியாம ஒதைக்கறது, எல்லாமே பட் பட் பட்டுன்னுதான் கேக்கும். எம்பது பேரு நின்னுட்டிருந்தாங்க அன்னிக்கு. அவங்களுக்கெல்லாம் திக்கற சத்தம் ஒண்ணுதான். எனக்கு மட்டும் அது வேறயாக் கேட்டுது. எப்பவும் திக்கற சுதி அதில்ல. கொஞ்சம் தணிஞ்ச சுதி. லோகுவுக்கும் கேட்டிருக்கும். அவன் காதுல அதுதான கடைசி. 'மாமா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க'ன்னு நெனச்சிருப்பானோ என்னவோ. நெனைக்க நேரம் இருந்திருக்காது. அப்பிடித்தான் நான் சொல்லிக்கறது.

தண்ணி குடிக்கறீங்களா? அந்தச் சொம்புல இருக்குது, எடுத்துக்குங்க.

இதைக் கேளுங்க. வருசா வருசம் ஐப்பசியில அவனுக்குத் திதி. படையல் போட்டு, காக்காய்க்கு வெச்சு, வந்தவங்க எல்லாம் போனதுக்கப்பறம் அவ இந்த வாசப்படியில வந்து நிப்பா. நின்னு கேப்பா. 'நான் கொறைச்சு வெய்யுங்கன்னு சொன்னனே, வெச்சீங்களா?' நான் 'இல்ல தெய்வா, வெக்கல'ம்பேன். 'வெச்சிருந்தா எந்தம்பி இருந்திருப்பான்'ம்பா. 'ஆமா தெய்வா'ம்பேன். அப்பறம் உள்ள போயிருவா. பதினோரு வருசம், பதினோரு தடவை. ஒரு வார்த்தை மாறாது. கோயிலுக்குப் போனா சுத்தி வர்ற மாதிரி அதையும் ஒரு சுத்து சுத்திட்டுப் போயிருவோம். ஒறம்பரைச் சனத்துக்கெல்லாம் தெரியும். 'இந்த ஆளு பொண்டாட்டி பேச்சைக் கேட்டிருந்தா அந்தப் பையன் பொழச்சிருப்பான்'னு என்ர காதுபடவே பேசுவாங்க. பேசட்டும். நான் வாயே தொறந்ததில்ல.

இதுல அவ மேல எனக்கு வருத்தமில்லீங்க. அவளுக்கு இந்த எலக்ட்ரிக் சமாச்சாரம் ஒண்ணும் தெரியாது. ஆனா பாருங்க, ஒவ்வொரு டப்பா செஞ்சு முடிக்கறப்பவும் கேக்காமயே செவப்புப் பாலிசைக் கொண்டாந்து டேபிள் மேல வெச்சுட்டுப் போவா. செவப்பு மட்டும்தான். அதுக்கு முன்னால ரோஸ் ஒண்ணு வெச்சிருந்தா, நல்ல தாமரைப்பூக் கலரு. லோகு அவனோட மொத போனஸ்ல அக்காளுக்குன்னு வாங்கிக் குடுத்தது. அவன் போனதுக்கப்பறம் ஒரு தடவை கூட அதை அவ பூசி நான் பாக்கல. தம்பி வாங்கிக் குடுத்தது, மனசு வரலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். பாட்டிலையும் காணம். தூக்கிப் போட்டிருப்பான்னு விட்டுட்டேன்.

சரி, உங்க சோலிக்கு வர்றேன்.

நேத்து பொழுதோட உங்க சம்சாரம் வந்தாங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரியக்கூடாதுன்னுதான் வந்தாங்க. ஸ்கூட்டியைத் தெருமுனையிலயே நிறுத்திப்போட்டு நடந்து வந்தாங்க. இங்க, நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்தாங்க. 'அண்ணா, ஒண்ணு சொன்னா கேப்பீங்களா'ன்னாங்க. 'அவருக்குத் தெரிய வேண்டாங்கண்ணா. ஒரு ஐநூறு கொறைச்சு வெச்சுருங்க'ன்னு அழுதாங்க. ஐநூறுன்னே சொன்னாங்க தம்பி. நான் சொல்லிக் குடுக்கல. அவங்களா சொன்னாங்க.

சரீம்மான்னுட்டேன். கோவிச்சுக்காதீங்க. அழுகற பொம்பளை கிட்ட நான் மாட்டேன்னு சொன்னதே இல்லீங்க.

அன்னிக்கும் சொல்லல.

சித்த முன்னால உங்ககிட்ட மாட்டேன்னுட்டேன்னு சொன்னேனில்ல, அது பொய்யிங்க. பதினோரு வருசமா சொல்லிச் சொல்லி வாயி அதுக்கே பழகிப் போச்சு. அந்தச் சனிக்கெழமை நான் சரி தெய்வான்னுதான் சொன்னேன். அவ உள்ள போனதும் செவப்புப் பாலிசைச் சொரண்டிட்டு, திருப்புளியை வெச்சு எடப்பக்கம் திருகுனேன். ஐநூறு. ஆறாயிரத்து முன்னூறு. ஐநூறு கொறைஞ்சா என்ன ஆகப் போகுது, ஒரு எடம் பின்னால வருவான், அவ்வளவுதான்னு நெனச்சேன். மூடறதுக்குப் பாத்தா செவப்புப் பாலிசு காஞ்சு போயிருந்துது. ரூமுக்குப் போயி கண்ணாடிக்கு முன்னால இருந்த ரோஸை எடுத்து ஒரு சொட்டு வெச்சேன். சாங்காலம் லோகு வந்து வாங்கிட்டுப் போனான். 'ஒயரு சரி பண்ணிட்டீங்களா மாமா'ன்னான். பண்ணிட்டேன் மாப்ளேன்னேன். ஒரு வார்த்தை, மாப்ளே, வெள்ளை டயருக்கு முன்னாலயே திக்கும்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, திட்டிட்டு, சண்டை கட்டிட்டு, அதுக்குத் தக்கன ஓட்டியிருப்பான். அவன் காதைக் கட்டி உட்டது நான்தானுங்க. அந்தப் பல்லடத்துப் பையன் என்ன பண்ணுவான், பாவம்.

ஆஸ்பத்திரியில வெச்சே தெய்வானை கேட்டா. அப்பத்தான் மொத தடவை. 'கொறைச்சு வெச்சீங்களா'ன்னா. ஆமான்னு சொன்னா என்ன ஆகும்னு ரோசிச்சுப் பாருங்க. சொன்னது அவ. அவளே வளத்து, அவளே வாயால கேட்டு, அவளே அனுப்பி வெச்ச மாதிரி ஆயிரும். அடுத்த நாளு கெணத்துல கெடப்பா. அதனால வெக்கலைன்னேன். அந்தப் பழியை நான் வாங்கிக்கறேன், அவ என்னையத் திட்டிட்டாவது உசுரோட இருக்கட்டும்னு நெனச்சேன். நெஞ்சுல ஒரு பெருமை கூட இருந்துது தம்பி. பாரு சென்னியப்பா, நீ எத்தனை பெரிய பாரத்தைச் சொமக்கறேன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்.

டப்பா திரும்பி வந்ததும் அவ இல்லாதப்ப இந்த டேபிள் மேல மாட்டிப் பாத்தேன். எட்டுத் தடவை. ஆறாயிரத்து முன்னூறு வந்தா வெட்டும். அப்பிடியே வெட்டும். அத்தனை பொரட்டுலயும் ஸ்குரூ நூலளவு நகரல. அத்தனை நல்லா பூசியிருந்தேன்.

நேத்துக்கு வர்றேன். உங்க சம்சாரம் கெளம்பிப் போனதும் நான் உங்க டப்பாவை எடுத்து எடப்பக்கம் திருகிட்டேன். ஆமாங்க, திருகிட்டேன். கை அதுபாட்டுக்குப் போகுது. திருகி முடிச்சு நிமிந்தா வாசப்படியில தெய்வானை நிக்கறா. எப்ப இருந்து நிக்கறாளோ. எப்பவும் போலப் பாலிசு கொண்டாந்திருக்கான்னு கையை நீட்டுனேன். அவ டேபிள் மேல வெச்சா. செவப்பு இல்லீங்க. இதா, இந்த ரோஸு.

பாருங்க, கல்லாட்டம் காஞ்சு கெடக்குது. பதினோரு வருசமா எங்க வெச்சிருந்தாளோ. மூடி கோணலா இருக்குதுங்களா? அன்னிக்கு அவசரத்துல நான்தான் அப்பிடி மூடி வெச்சேன்.

இப்ப எந்திரிச்சுப் போயி அந்தப் பச்சை டப்பாவைப் பாருங்க. எடுங்க, பரவால்ல, இன்னிக்கு எடுங்க. ஓட்டை மேல என்ன கலரு? ஓரத்துல சொரண்டுன செவப்பு, அதுக்கு மேல ரோஸு. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை அதைத் தொடைச்சவ அவ. அவளோட பாலிசு அவளுக்குத் தெரியாதுங்களா? எலக்ட்ரிக் தெரியாதுன்னேனே, எனக்குத்தான் ஒரு எழவும் தெரியல. மொத வெள்ளிக்கெழமையே அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. அவ சொன்னதை நான் கேட்டேன்னும் தெரியும், நான் பொய் சொல்றேன்னும் தெரியும். தெரிஞ்சுட்டேதான் வருசா வருசம் வந்து வெச்சீங்களான்னு கேட்டிருக்கா. நான் இல்லைன்னு சொல்லச் சொல்ல, என்ர பொய்யை ஒடைக்காம எடுத்து வெச்சுட்டுப் போயிருக்கா. நான் அவளைக் காப்பாத்தறேன்னு நெனச்சுட்டு இங்க உக்காந்திருக்கேன். அவ என்னையக் காப்பாத்தறேன்னு நெனச்சுட்டு அங்க உக்காந்திருக்கா. நடுவால ஒரு செவுரு.

பாட்டிலை வெச்சுட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. 'அந்தத் தம்பிகிட்டச் சொல்லிப்போட்டு வெய்யுங்க'ன்னா. போயிட்டா. அதுக்கப்பறம் நேத்தும் பேசல, இன்னிக்குக் காத்தாலயும் பேசல. சோறு மட்டும் வந்துது.

சொல்லிட்டேன். இந்தாங்க டப்பா. இப்ப ஆறாயிரத்து முன்னூறுல நிக்குது. நீங்க கேட்டது ஆறாயிரத்து எண்ணூறு. பாலிசு பூசல. இந்தத் திருப்புளியும் எடுத்துட்டுப் போங்க. வீட்டுல ரெண்டு பேரும் உக்காந்து பேசி எதுல வெக்கறதுன்னு வெய்யுங்க. அவங்க அழுதா அழுகட்டும், நீங்க கத்துனா கத்துங்க. ஆனா எதுல வெச்சாலும் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கோணும். சனிக்கெழமை பூராவும் அதுலயே ஓட்டிக் காதுல ஏத்திக்குங்க. அப்பறம் அவங்க பாலிசையே வாங்கி ஒரு சொட்டு வெச்சுக்குங்க. அவங்க மேல கோவப்படாதீங்க தம்பி. அவங்க கேட்டதுல தப்பில்ல. கேட்டதைச் சொல்லாம செஞ்சவன்தான் தப்பு.

இன்னொண்ணு. காது மந்தம்னு சொன்னேனில்ல, அதுவும் பொய்தான். காது நல்லாத்தான் கேக்குது. செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்கட்டும்னுதான் கத்திப் பேசுனேன். நேருக்கு நேரா நின்னு சொல்ல எனக்கு வாயி வரலீங்க. ஒரு மணி நேரமா அதே டம்ளரைக் கழுவிட்டிருக்கா, கவனிச்சீங்களா?

குழாயை நிறுத்திட்டா.

நீங்க கெளம்புங்க தம்பி. பாத்துப் போங்க. கதவைச் சாத்த வேண்டாம், அப்பிடியே இருக்கட்டும். நான் உள்ள போறேன். இந்தத் தடவை அவ கேக்கறதுக்கு முன்னால வெச்சேன்னு சொல்லிரோணும்.